கேட்டா அந்த எண்ணம் வந்துடுமா?

அண்ணா வணக்கம். ரெண்டு வருஷமா உங்க சைட்டை படிக்கிறேன், எழுதுறது இதான் ஃபர்ஸ்ட் டைம். என் தம்பிக்கு 26 வயசு. மூணு தடவை குரூப் ஃபோர் எழுதியும் கிடைக்கல. கடைசி ரிசல்ட் வந்ததுலேந்து ரூமை விட்டே வர்றதில்ல, ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கான், சோறு தட்டுலயே காஞ்சு போகுது. போன வாரம் உசுரா வச்சிருந்த பைக்கை ஃப்ரெண்டுக்கு சும்மா தூக்கிக் குடுத்துட்டான். அம்மாகிட்ட "உங்களுக்கு என்னால தண்டச் செலவு, இனிமே இருக்காது"ன்னானாம். அப்பா ஜாதகத்தை எடுத்துக்கிட்டு அலையுறார், அத்தை கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்ங்குறாங்க. எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. நேரா கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா? ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகுமா? பேர் போடாதீங்க.

- டெல்டா பக்கத்துலேந்து ஒரு அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு தனியா மெயில் முதல்லயே போட்டுட்டேன், அதையே கொஞ்சம் விரிச்சு இங்க போடுறேன், அடையாளம் தெரியாம இருக்க கடிதத்துல ரெண்டு மூணு விஷயத்தை மாத்தியிருக்கேன்.

கேளுங்க. இன்னைக்கே கேளுங்க. கேக்குறதால தற்கொலை எண்ணம் புதுசா வர்றதில்ல, மனநல டாக்டருங்க எல்லாரும் சொல்றது இதைத்தான். ஏற்கனவே உள்ள கெடந்து அரிக்கிறவனுக்கு, ஒருத்தர் வாயால அந்த வார்த்தை வந்துட்டா, அப்பாடா இதை மறைக்க வேண்டியதில்லன்னு ஒரு மூச்சு வரும்.

2006ல நான் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருந்தப்ப ரூம்மேட் ஒருத்தன். ரெண்டு மாசமா சிரிக்காம இருந்தவன் ஒருநாள் குளிச்சு நீட்டா டிரஸ் பண்ணிக்கிட்டு வந்து எனக்குத் தர வேண்டிய 340 ரூபாயை எண்ணி வச்சான். "கணக்கு தீந்துச்சு மாப்ள"ன்னான், ரொம்ப தெளிவா, அமைதியா. நானும் பய தேறிட்டான்னு நெனச்சு "ஏண்டா ஊரை விட்டு ஓடப் போறியா"ன்னு கிண்டல் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். மூணாம் நாள் அவன் இல்ல. ரொம்ப நாள் சோர்ந்து கிடந்தவன்கிட்ட திடீர்னு வர்ற அந்த அமைதி சில நேரம் ஒரு முடிவு எடுத்துட்டதோட அமைதியா இருக்கலாம்னு எனக்கு அப்ப தெரியாது. உங்க கடிதத்துல பைக்குன்னு படிச்சதும் எனக்கு அந்த 340 ரூபா நோட்டுங்கதான் கண்ணுல நின்னுச்சு.

எப்படிக் கேக்குறது? "அப்படியெல்லாம் ஏதும் பண்ணிக்க மாட்டேல்ல?"ன்னு மட்டும் கேக்காதீங்க, அது "இல்ல"ன்னு பதில் சொல்ல வைக்கிற கேள்வி. என் அக்கா பொண்ணுக்கு இப்படி ஆனப்ப திண்ணையில உக்காந்து ரெண்டு பேரும் மொச்சை உரிச்சுக்கிட்டே நேரா கேட்டேன், "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" அவ கை நின்னுச்சு. உரிச்ச கொட்டையைத் திரும்பத் தோலுக்குள்ள வைக்கப் பாத்தா. அப்புறம் "ஆமா மாமா"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான், ஆனா புத்திமதி எதுவும் சொல்லல, அம்மாவை நெனச்சுப் பாருன்னும் சொல்லல (ஏற்கனவே பாரமா இருக்கோம்னு நெனைக்கிற புள்ள மேல இன்னொரு மூட்டை எதுக்கு), எப்பலேந்து, இன்னைக்கும் தோணுதா, எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியான்னு மட்டும் கேட்டேன். அன்னைக்கு ராத்திரி அக்கா அவ பக்கத்துலயே படுத்துக்கிட்டா, காலையில ஜிஎச் மனநலப் பிரிவுல ஓபி சீட்டு போட்டோம்.

தம்பி "ஆமா"ன்னு சொன்னா தனியா விடாதீங்க, ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிடுங்க. வயக்காட்டு மருந்து, மாத்திரை டப்பா எதுவும் வீட்ல இருக்கக் கூடாது. இதை சின்ன விஷயமா நெனைக்காதீங்க, அந்த வேகம் பல பேருக்கு கொஞ்ச நேரத்துல தணிஞ்சுடும், அந்த நேரத்துல கைக்கு எட்டுறது என்னங்கிறதுதான் உயிரைத் தீர்மானிக்குது. இலங்கையில 1995லேந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணினாங்க, 2005க்குள்ள தற்கொலை விகிதம் பாதியா குறைஞ்சிடுச்சு. நம்ம கடலூர் மாவட்டத்துலயே ரெண்டு கிராமத்துல, தற்கொலையைத் தடுக்குறதுக்காக நடக்குற சிநேகா அமைப்பு, பூச்சிமருந்தை வீட்ல வைக்காம பொது இடத்துல லாக்கர் வச்சுப் பூட்ட ஏற்பாடு பண்ணிப் பாத்திருக்காங்க.

கேஸ் பயம் வேண்டாம். மனசு சரியில்லைன்னு டாக்டரைப் பாக்குறது எந்தச் சட்டத்துலயும் குத்தம் இல்ல. முயற்சி பண்ணினவங்களையே தண்டிக்கக் கூடாது, அவங்க கடும் மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது, தற்கொலை முயற்சி குத்தம்னு சொன்ன பழைய 309 செக்ஷனும் 2024 ஜூலையில வந்த புதுக் குற்றவியல் சட்டத்துல இல்ல.

மாத்திரை குடுத்தா ரெண்டு மூணு நாள்ல ஒண்ணும் தெரியலைன்னு வீட்ல புலம்ப ஆரம்பிப்பாங்க, அது புடிக்கவே ரெண்டுலேந்து நாலு வாரம் ஆகும், அந்த ஆரம்ப வாரங்கள்லதான் கண்ணு கூடுதலா இருக்கணும். நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. அத்தைகிட்ட சொல்லுங்க, கல்யாணம் மருந்து இல்ல, வர்ற பொண்ணு நர்ஸும் இல்ல. அப்பா ஜாதகம் பாக்கட்டும், அவர் பயத்துக்கு அது ஒரு புடிமானம், ஆனா ஓபி சீட்டு முதல்ல.

ராத்திரியில பயமாயிருந்தா 14416, அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி எண், காசில்ல, தமிழ்ல பேசுவாங்க. தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி எண் 104ம் இருக்கு. சென்னையில 1986லேந்து நடக்குற சிநேகாவோட நம்பர் 044-24640050. தம்பி பேச மாட்டேன்னா நீங்க பேசலாம், அக்கா என்ன பண்ணணும்னு அவங்களே சொல்வாங்க. கைமீறிப் போகுதுன்னு தோணுச்சுன்னா யோசிக்காம 108.

என் மெயிலுக்கு இன்னும் பதில் வரல. எத்தனை மணியானாலும் பரவாயில்ல, கேட்டேன்னு ஒரு வார்த்தை போடுங்க.