கேள்வி–பதில்: குற்றத் தொடர்களும் பார்வையாளர் மனமும்

கேள்வி: என் தாயார் நாள்தோறும் இரவில் குற்றத் தொடர்களைப் பார்ப்பவர். இப்போதெல்லாம் இருட்டிவிட்டால் தனியே வெளியில் செல்ல மறுக்கிறார். கதவைத் தட்டும் யாரையும் நம்புவதில்லை. இதற்குத் தொலைக்காட்சிதான் காரணமா?

பதில்: பங்கு இருக்கலாம், ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளில், நெடுநேரம் தொலைக்காட்சி பார்ப்பவர்களிடம், உலகம் ஆபத்தானது, பிறரை எளிதில் நம்பலாகாது என்ற எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. எனினும் 1979இல் கனடாவின் டொராண்டோ நகரத்தைப் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வு, மக்கள் வசிக்கும் பகுதியில் உண்மையிலேயே குற்றங்கள் எந்த அளவில் நடக்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்தத் தொடர்பு பெருமளவு மறைந்துவிடுகிறது என்று காட்டியது. அச்சத்தால் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் பொழுதுபோக்கத் தொலைக்காட்சியை நாடுவதும் உண்டல்லவா? ஆகவே தொடரை நிறுத்தச் சொல்வதற்கு முன், அக்கம்பக்கத்தில் ஏதேனும் நடந்து அவர் மனம் கலங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: குற்றவாளிக்கு எதற்கு இத்தனை உரிமைகள், நீதிமன்றம் ஏன் இழுத்தடிக்கிறது என்று என் நண்பர்கள் கொதிக்கிறார்கள். இந்தக் கோபத்தைத் தொடர்கள் வளர்க்கின்றனவா?

பதில்: அச்சத்தைவிட இதுவே ஆழமான பாதிப்பு என்பது என் கருத்து. நீதிமன்றத் தாமதம் உண்மையானது. அதன் மீதான கோபத்தில் தவறில்லை. உரிமைகளின் மீதான கோபம் வேறு. தொடரில் கொலை நடக்கும்போது கேமரா கொலைகாரனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆகவே அவன் பிடிபட்டு, மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "வழக்கறிஞர் வரட்டும், பிறகு பேசுகிறேன்" என்று சொல்லும்போது, அது சட்டம் தந்த உரிமையாக நமக்குத் தோன்றாமல், தப்பிக்கும் தந்திரமாகவே தோன்றுகிறது. அதிகாரி அவன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார், இரண்டு அறை விடுகிறார், உண்மை வெளியே வருகிறது, நாமும் நிம்மதியடைகிறோம். உண்மையான விசாரணை அறையில் இருப்பவருக்கோ அந்தக் கேமரா காட்டிய காட்சி கிடைப்பதில்லை. எதிரே இருப்பவர் குற்றம் செய்தவரா என்பதே அங்கு தீர்க்கப்படாத கேள்வி. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று நிறுவப்பட்டு விடுதலையான வழக்குகளில், ஏறத்தாழ நான்கில் ஒன்றில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம் இருந்தது. அதட்டினால் வருவது உண்மை மட்டுமே என்ற தொடர்களின் நம்பிக்கை இந்த ஓர் உண்மையிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

அறிவியல் சான்று பற்றிய எதிர்பார்ப்பும் இதன் இன்னொரு பக்கம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.' என்ற அமெரிக்கத் தொடருக்குப் பிறகு, தடயவியல் சான்று இல்லையென்றால், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களான ஜூரிகள் தண்டிக்க மறுக்கிறார்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் குறைகூறத் தொடங்கினர். மிச்சிகன் மாநில நீதிபதி டொனால்ட் ஷெல்டனும் அவருடைய குழுவினரும் ஜூரி பணிக்கு அழைக்கப்பட்ட ஏறத்தாழ 1,000 பேரிடம் 2006இல் கேட்டறிந்தபோது, ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஏதேனும் ஓர் அறிவியல் சான்று வேண்டும் என்று 46 விழுக்காட்டினர் எதிர்பார்த்தனர். அந்தத் தொடரைப் பார்ப்பவர்களிடம் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது உண்மை. ஆனால் அதனால் அவர்களுடைய தீர்ப்பு மாறிவிடும் என்பதற்கான தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. வழக்கறிஞர்கள் தோற்ற வழக்குக்குத் தொடரைச் சாக்காகச் சொல்வது எளிது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

கேள்வி: தொடர்களைப் பார்த்து இளைஞர்கள் குற்றம் செய்யக் கற்றுக்கொள்வார்களா?

பதில்: கையுறை அணிவது போன்ற ஒரு வழிமுறையைக் கடன் வாங்கக்கூடும், குற்றம் செய்யும் எண்ணம் ஒரு தொடரிலிருந்து மட்டும் பிறந்துவிடுவதில்லை. பெற்றோரைக் கவலைப்படச் சொன்னால், கொலைகாரனைப் பார்த்துப் பிள்ளைகள் கற்பதைப் பற்றி அல்ல, கைதியை அறையும் அந்த அதிகாரியை அவர்கள் கைதட்டி வரவேற்பதைப் பற்றிக் கவலைப்படச் சொல்வேன். அடுத்த முறை அத்தகைய காட்சி வரும்போது, "இவன்தான் செய்தான் என்பது அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.