பொதுத் தோட்டத்தில் பக்கத்துப் பாத்தியிலிருந்து பூச்சி பரவினால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. பக்கத்துப் பாத்திக்காரரின் கத்தரியிலிருந்து உங்கள் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி ஏறுகிறது, அவரோ கண்டுகொள்வதில்லை, மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்பது ஒன்று. அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவர் செடிக்கும் சேர்த்து நீங்களே மருந்தடித்துவிடலாமா என்பது மற்றொன்று. கோவையில் எங்கள் அடுக்ககத்தின் பின்புறத்து நிலத்தை வீட்டுக்கொரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டு சில ஆண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வருகிறோம் என்பதால், இந்த இரண்டு சிக்கல்களும் எனக்குப் புதியவை அல்ல.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: அடிக்காதீர்கள். அடுத்தவர் உண்ணப்போகும் காயின்மேல் அவருக்குத் தெரியாமல் எதைத் தெளித்தாலும், அது வெறும் வேப்பெண்ணெயாகவே இருந்தாலும், முறையல்ல. ஊரிலிருந்து திரும்பிய அன்று மாலையே அவர் அந்தக் கத்தரிக்காயைப் பறித்துக் குழம்பு வைக்கக்கூடும்.

முதல் கேள்விக்கு வருவோம். பேசப் போவதற்கு முன், நீங்கள் பார்த்தது மாவுப்பூச்சிதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மாவுப்பூச்சியைத் தின்று வாழும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுவும் உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகளுடன் அச்சு அசலாக மாவுப்பூச்சி போலவே இருக்கும். இலையைத் திருப்பி வைத்துச் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: மாவுப்பூச்சிகள் கணுவிலும் நரம்போரத்திலும் கும்பலாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும்; அவற்றைவிடப் பெரியதாக, நீண்ட இழைகளுடன், அந்தக் கும்பலின் ஊடே தனியாக ஊர்ந்து திரிவது பொறிவண்டின் புழு. அதைப் பூச்சி என்று எண்ணி நசுக்குபவர்களே அதிகம்.

மாவுப்பூச்சியை அடக்குவது இப்படிப்பட்ட நன்மை செய்யும் பூச்சிகளே என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு நாட்டின் பயிர்களை வாட்டியெடுத்தது. எத்தனை மருந்தடித்தும் அடங்காத அந்தப் பூச்சி, 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கி விடப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே முதலிய சிறு ஒட்டுண்ணிக் குளவிகளால்தான் கட்டுக்குள் வந்தது. கடும் மருந்தைத் தெளித்தால் முதலில் மடிவது இந்தக் குளவியும் பொறிவண்டும்தான். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் மாவுப்பூச்சியோ பெரும்பாலும் தப்பித்துக்கொண்டு மறுபடி பெருகும்.

மாவுப்பூச்சிதான் என்று உறுதியானால், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாமல் நேரில் சென்று சொல்லுங்கள். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் "யாருடைய பாத்தி இது?" என்று கேட்டால், அதன்பின் அவர் பூச்சியைப் பற்றிப் பேசமாட்டார், உங்களைப் பற்றித்தான் பேசுவார். எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியம்மா இதைச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: "ஏனுங்க தம்பி, என் செம்பருத்தியில மாவுப்பூச்சி ஏறிப்போச்சுங்க. உங்க கத்தரியிலயும் ரெண்டு தளிரு பார்த்தேனுங்க. சாயங்காலம் ரெண்டு பேருமாச் சேர்ந்து அடிச்சுப்போடலாமுங்களா?" யார் செடியிலிருந்து யார் செடிக்கு வந்தது என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லை. உண்மையில் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பொரித்து வரும் குஞ்சுகள் காற்றிலும், நம் துணியிலும், பொதுவில் புழங்கும் கத்தரிக்கோலிலும் தொற்றிக்கொண்டு போகக்கூடியவை.

சேர்ந்து அடிப்பது என்று அவர் சொல்வது மரியாதைக்காக மட்டும் அன்று. ஒரு பாத்தியில் மட்டும் தெளித்தால், தெளிக்காத பாத்தியிலிருந்து பூச்சி மீண்டும் குடியேறிவிடும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும், எண்ணெய் நீரோடு கலப்பதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து நன்றாகக் குலுக்கி, இலையின் அடிப்புறம் நனையும்படி வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் ஒரே மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகக்கூடும், வேம்பின் வீரியமும் விரைவில் குறைந்துவிடும். காலையில் பூசணிப் பூவுக்கு வரும் தேனீக்களுக்கும் மாலைத் தெளிப்பே பாதுகாப்பு. மொய்த்திருக்கும் கிளைகளை வெட்டி அகற்றுவதும், தண்டில் எறும்பு ஏறாமல் தடுப்பதும் மருந்தைவிட முக்கியம். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் இருந்து, பொறிவண்டுகளை விரட்டும்.

வெட்டியதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பொதுத் தோட்டங்களில் பெரும்பாலான மனத்தாங்கல்கள் தொடங்குகின்றன. காய்த்துளைப்பான் குடைந்த கத்தரிக்காயைப் பொது உரக்குழியில் எறிந்தால், உள்ளே இருக்கும் புழு வெளியே வந்து சருகுக்குள் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகி எல்லோருடைய பாத்திக்கும் திரும்பி வரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் கடும் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு குப்பையில் சேர்ப்பதே நல்லது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான பேச்சு வெண்டையைப் பற்றியது. இலை நரம்புகள் மஞ்சளாகி வலை பின்னியதுபோல் தெரிந்தால் அது நரம்புத் தேமல் நோய்; வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் வருவது, வந்த செடியைக் குணப்படுத்த வழியில்லை. பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் அந்தச் செடி வெளிறிய காய்களையாவது காய்த்துக்கொண்டிருக்கும்போது, தான் விதைத்து நீரூற்றி வளர்த்ததை யார்தான் மனமொப்பிப் பிடுங்குவார்கள்? கையில் நான்கு நல்ல நாற்றுகளுடன் போய், "இதை எடுத்துவிட்டு இவற்றை வையுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் இணங்கிவிடுவார்கள் என்பது நான் கண்டது.

இயற்கை மருந்து என்றால் யாருக்கும் தொந்தரவில்லை என்று எண்ண வேண்டாம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் கரைசலைக் காற்றடிக்கும் நேரத்தில் தெளித்தால் முதல் மாடிவரை இருமல் கேட்கும். மீன் அமிலம் பூச்சிமருந்தே இல்லை, வளர்ச்சி ஊக்கிதான். இருந்தாலும் அதன் புட்டியைச் சைவக் குடும்பத்துச் சமையலறைச் சன்னலுக்குக் கீழே திறப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இரசாயன மருந்தைப் பற்றி மட்டும் சங்கக் கூட்டத்தில் எழுத்தில் முடிவெடுத்துவிடுங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்துவதற்கு இந்தியாவில் 2005 முதலே தடை இருக்கிறது. மருந்துப் புட்டியின் நிறக் குறியில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை ஆகியவை குறைந்துவரும் நச்சுத்தன்மையையும் காட்டுகின்றன. சிவப்பும் மஞ்சளும் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்பதும், வேறு எதை அடிப்பதானாலும் முந்தைய நாளே பலகையில் மருந்தின் பெயரையும் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதையும் எழுதிவிட வேண்டும் என்பதும் எங்கள் விதி. ஊருக்குப் போகிறவர்கள் தம் பாத்தியைப் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொண்டால், உங்கள் இரண்டாவது கேள்வியே எழாது.

இத்தனைக்குப் பிறகும் அவர் அசைந்துகொடுக்காவிட்டால், அடுத்த பருவத்தில் மாவுப்பூச்சி விரும்பும் கத்தரியையும் செம்பருத்தியையும் அவர் பக்கத்து வரப்போரம் வைக்காமல் மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள். வெண்டை போடுவதாக இருந்தால், வெள்ளை ஈயைத் தடுக்க வரப்பில் இரண்டு வரிசை மக்காச்சோளத்தை முன்னதாகவே விதைத்துவிடலாம். அது ஆளுயரம் வளர்ந்து அவர் பாத்திக்கு வரும் வெயிலை மறைக்குமா என்று மட்டும் விதைப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.