ஒரே நோய், வெவ்வேறு வயது: வாசகர் கேள்விகளுக்கு ஒரு செவிலிய ஆசிரியரின் பதில்கள்

நான் செவிலியம் முதலாம் ஆண்டு மாணவி. நோய்களைப் பற்றித் தனியாகப் படித்த பிறகும், குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் என்று வயது வாரியாக மீண்டும் படிக்கச் சொல்கிறார்கள். நோய் ஒன்றுதானே? (மதுரை)

நோய் ஒன்றுதான்; அது தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் வயதுக்கு வயது மாறுகிறது. நிமோனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்காரர் குளிர்நடுக்கம், காய்ச்சல், இருமல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி என்று தாமே சொல்லிவிடுவார். பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தைக்குக் காய்ச்சல் வராமலே இருக்கலாம், உடல் சில்லிட்டும் போகலாம். பால் குடிக்க மறுப்பதும் மூச்சு வேகமாவதும் மட்டுமே நமக்குக் கிடைக்கும் தடயங்கள். எண்பது வயது மூதாட்டிக்கோ இருமல்கூட இல்லாமல், திடீர்க் குழப்பமோ, சாப்பாட்டில் வெறுப்போ, கால் தடுமாறி விழுவதோ முதல் அறிகுறியாக அமையும்.

ஆகவே அந்தந்த வயதின் இயல்பு அளவு மனத்தில் பதிந்திருந்தால்தான் மீறல் கண்ணில் படும். குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலே அது வேகமான மூச்சுதான். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தைக் குழந்தைகள் வார்டில் கைவிட்டுவிடுங்கள். குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை, பெருக்கும்போது பிழையும் நான்கு மடங்காகும்.

பிறந்து மூன்று நாளான என் குழந்தையின் முகம் மஞ்சளாக இருக்கிறது. இளவெயிலில் காட்டினால் போதும் என்கிறார் மாமியார். (தஞ்சாவூர்)

உங்கள் மாமியார் சொல்வதற்குப் பின்னால் உண்மையான வரலாறு ஒன்று உண்டு. 1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், சிஸ்டர் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் அடர்மஞ்சளாக இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அந்த அவதானிப்பிலிருந்து பிறந்ததுதான் இன்று நம் மருத்துவமனைகளில் நீல விளக்கின் கீழ் நடக்கும் ஒளிச்சிகிச்சை. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1958-இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் கூர்ந்த பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லும் சான்று இதுவே.

எனினும் வெயிலின் அளவை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. துணியை நீக்கினால் குழந்தை சில்லிடும் அல்லது தோல் சுடும். வெயிலை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து, ஏனெனில் இந்த மஞ்சளை உண்டாக்கும் நிறமியான பிலிரூபின் அளவு மீறினால் மூளையைத் தாக்கும். நிறைமாதக் குழந்தைக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றி இரண்டு வாரத்துக்குள் மறையும் மஞ்சள் பெரும்பாலும் இயல்பானது. இருந்தாலும் குழந்தையை ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றிய மஞ்சளும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவிய மஞ்சளும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டிருப்பதும், மலம் வெளிறிப்போவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுப்பது. பிலிரூபின் மலத்தோடுதான் பெருமளவு வெளியேறுகிறது.

பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றுதானா? (சேலம்)

மருந்து ஒன்று, செறிவு வேறு. சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம்தான் இருக்கும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ் பொடியை டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாமா? (திருநெல்வேலி)

கூடாது. குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே நுழைகின்றன, அவற்றோடு நீரும் போகிறது; இந்த விகிதம் குலைந்தால் கரைசலின் பயனும் குலைகிறது. பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு நீரில், அதாவது பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், முழுவதுமாகக் கொட்டிக் கலக்கி, 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்ததைக் கீழே கொட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். மருத்துவரைக் கேட்டுத் துத்தநாக மாத்திரையையும் 10 முதல் 14 நாள் கொடுங்கள். போக்கு நின்ற பின்னும் நிறுத்தக்கூடாது. 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில், சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், மருத்துவர் திலீப் மஹலநபிஸ் இக்கரைசலை நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார்; சுமார் 30 விழுக்காடாக இருந்த காலரா இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது.

எட்டாம் மாதக் கர்ப்பிணியான எனக்குக் கால் வீங்குகிறது, தலையும் வலிக்கிறது. (கோவை)

மாலையில் பாதம் மட்டும் வீங்குவது பலருக்கும் வருவது. அதனோடு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, காலையில் எழும்போதே முகமும் கைகளும் வீங்கியிருத்தல் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் இன்றே பார்த்தாக வேண்டும். உங்களுக்குத் தலைவலி இருப்பதால் இந்தப் பதிலைப் படித்ததும் கிளம்புங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வலிப்புக்கு இட்டுச்செல்லும் நிலையாக இருக்கலாம்.

பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அப்பாவின் இடுப்பில் சிவந்திருக்கிறது. பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். (விழுப்புரம்)

தேய்ப்பதை இப்போதே நிறுத்துங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கி, இரத்தம் போகாமல் தவிக்கும் தசையைத் தேய்ப்பது உள்ளே இருக்கும் காயத்தைப் பெரிதாக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் காலம் இருக்கிறது, வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போவதுண்டு. ஆகவே புறங்கையால் தொட்டுச் சூடும் இறுக்கமும் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். முழுதாக ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சற்றே சாய்த்தால் இடுப்பு எலும்பின் மேல் பாரம் இறங்காது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கிவிடுங்கள். மேலே நகர்த்தும்போது இழுக்கக்கூடாது, விரிப்போடு சேர்த்து இருவர் தூக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் வேண்டாம். அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சிறுநீர் பட்ட தோலை உடனே கழுவி, ஒற்றித் துடைத்து, மெல்லிய வாசலின் பூச்சு கொடுங்கள். உணவில் முட்டை, மீன், பருப்பு கூடட்டும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால், 2021 முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். இரவில் எழுந்து புரட்டும் உங்களுக்கும் ஓய்வு தேவை. வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

78 வயது அம்மா இரண்டு நாளாக மாறி மாறிப் பேசுகிறார். வயதாகிவிட்டது, அப்படித்தான் என்கிறார்கள். (நாகர்கோவில்)

அப்படி விட்டுவிடாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். இரண்டு நாளில் வந்த குழப்பம் உடலுக்குள் நடக்கும் வேறொன்றின் குரல். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை அல்லது சளி மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் முதலில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் கேட்டு வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் அணிவித்து அழைத்துப் போங்கள்.