உங்கள் அளவுக்கு ஒரு கோல்ஃப் கிளப் (மட்டை): வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் உயரம் 5 அடி 3 அங்குலம், வலதுகை ஆட்டக்காரன், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 24. டிரைவரில் (தூரத்துக்கு அடிக்கும் நீளமான கிளப்) பந்து ஓரளவு நேராகப் போகிறது, ஆனால் குறைந்த தூரத்துக்கான 9 அயர்னும் வெட்ஜும் எடுத்தால் பந்து இடதுபக்கமே விழுகிறது. கிளப்பை அளவு பார்த்து மாற்றலாமா என்று கேட்டால், "முதலில் ஆடக் கற்றுக்கொள், ஃபிட்டிங் எல்லாம் புரோக்களுக்கு" என்கிறார்கள் நண்பர்கள். (ஊட்டி வாசகர்)

பதில்: நண்பர்கள் சொல்வதை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். புரோவிடம் பொருந்தாத கிளப்பைக் கொடுத்தால் நாலு பந்து அடித்துப் பார்த்துச் சமாளித்துவிடுவார். நாம் அப்படியில்லை, கிளப்புக்குத் தோதாக உடம்பை வளைக்கப் பழகிவிடுகிறோம், அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் அப்புறம் எந்தக் கோச்சுக்கும் அதை எடுப்பது பெரும்பாடு.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது லை ஆங்கிள் மேல்தான். அதாவது, கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் (தண்டு) எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பது. கடையில் தொங்கும் செட் சராசரி உயரமுள்ள ஆணை மனதில் வைத்துச் செய்தது. உயரம் குறைந்தவர் அதைப் பிடித்தால் பெரும்பாலும் டோ பக்கம் (கிளப் தலையின் வெளி நுனி) மேலே தூக்கிக்கொள்ளும், ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் முனை) மட்டும் புல்லில் உரசும், கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, இடதுபக்கம் பார்க்கும். லாஃப்ட், அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, கூடக்கூட இந்தக் கோளாறும் கூடும், அதனால்தான் டிரைவரில் தெரியாதது வெட்ஜில் பளிச்சென்று தெரிகிறது.

வீட்டுச் செலவில் ஒரு சோதனை இருக்கிறது. மார்க்கரால் பந்தில் ஒரு தடித்த கோடு போட்டு, கோடு செங்குத்தாக நின்று கிளப்பின் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். அங்கிருக்கும் பள்ளக் கோடுகளுக்கு அது நேர் குறுக்காக விழுந்தால் லை சரி, சாய்ந்து விழுந்தால் சரியில்லை. ஒரு பந்தை வைத்து முடிவுகட்டாதீர்கள், பத்துப் பந்தாவது அடியுங்கள். கோடு நேராகவே விழுந்து பந்து மட்டும் இடதுபக்கம் போனால் குற்றம் ஸ்விங்கில், அதற்குக் கோச்சிடம்தான் போகவேண்டும்.

லை தப்பு என்று தெரிந்தால் புது செட் வாங்க ஓடவேண்டாம். பெரும்பாலான அயர்ன்களை அதற்கான பிடிப்பானில் மாட்டி ஒன்றிரண்டு டிகிரி வளைத்துவிடலாம். ஃபோர்ஜ்ட் (அடித்து வடித்த) அயர்ன் சுலபமாக வளையும், காஸ்ட் (வார்த்த) அயர்னில் கொஞ்சம் பயந்து பயந்துதான் செய்வார்கள்.

உயரம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்து நின்று மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் அளக்கவேண்டும், ஏனென்றால் குள்ளமானவருக்குக் கையும் குட்டையாக இருந்தால் கணக்கு மாறிவிடும். இந்த இரண்டு அளவையும் வைத்து அட்டவணை போட்டு, அயர்ன்களில் லை ஆங்கிளைக் காட்டும் நிறப் புள்ளி வைத்து விற்றது கிளப் தயாரிக்கும் பிங் நிறுவனம். அதைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்தவர். செகண்ட் ஹேண்டில் பிங் அயர்ன் கிடைத்தால் விலைக்கு முன்னால் அந்தப் புள்ளியைப் பாருங்கள்: கறுப்பு என்றால் ஸ்டாண்டர்ட், சிவப்பு படுத்திருக்கும், நீலமும் பச்சையும் நிமிர்ந்திருக்கும். உங்களுக்குச் சிவப்புப் பக்கம்தான் தோதாக இருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: கடையில் எனக்கு ரெகுலர் (கொஞ்சம் வளையும்) ஷாஃப்ட் போதும் என்றார்கள். அலுவலக நண்பர்கள் எல்லாரும் ஸ்டிஃப் (விறைப்பானது) வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? (சென்னை வாசகர்)

பதில்: நண்பர்கள் வைத்திருப்பது நண்பர்களுக்கு. ஷாஃப்டில் ரெகுலர், ஸ்டிஃப் என்பதற்குப் போட்டிருக்கும் ஆர், எஸ் எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனி சட்டையில் லார்ஜ் என்பது இன்னொன்றில் மீடியமாக இருக்குமே, அதே கதை. டிரைவர் ஸ்விங் வேகம் மணிக்கு 95 மைலுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ரெகுலரில் தொடங்குவார்கள், அதைத் தாண்டினால் ஸ்டிஃப். தொடங்குவார்கள் என்றுதான் சொல்கிறேன், அங்கேயே முடிப்பதற்கில்லை. எழுத்தைவிட எடையை விசாரியுங்கள். அயர்னில் ஸ்டீல் ஷாஃப்ட் 130 கிராம் வரைக்கும் போகும், கிராஃபைட் 60, 70 கிராமிலும் கிடைக்கும், பதினெட்டு ஹோல் முடிவதற்குள் இந்த வித்தியாசம் தோளுக்குத் தெரிந்துவிடும்.

ஃபிட்டிங்குக்குப் போகும்போது உங்கள் பழைய 7 அயர்னை எடுத்துக்கொண்டு போங்கள், ஒப்பிட அது வேண்டும். பந்தின் வேகம், தூரம், சுழற்சியை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் திரையில் எல்லாரும் பார்ப்பது அதிகபட்ச தூரத்தை, கடைக்காரரும் அதையே காட்டுவார். நீங்கள் பார்க்கவேண்டியது பத்துப் பந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதை. ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) தேய்ந்துபோன பந்தைக் கொடுத்தால் நல்ல பந்து கேளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பின் கணக்கை நம்ப முடியாது. டிரைவர் நீளத்திலும் ஏமாறவேண்டாம். கடையில் விற்பது 45.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும், ஓர் அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள். பந்து முகத்தின் நடுவில் அடிக்கடி பட்டால் குட்டையான ஷாஃப்ட் கேட்டு வாங்குங்கள், தூரம் பெரிதாகக் குறையாது.

கேள்வி: பத்து வயது மகனுக்கு என் பழைய கிளப்பை வெட்டிக் கொடுக்கலாமா? (கோவை வாசகி)

பதில்: வேண்டாம் மேடம். வெட்டினால் நீளம் குறையும், கிளப் தலையின் எடை குறையாது, மிச்சமிருக்கும் ஷாஃப்டும் முன்னைவிட விறைப்பாகிவிடும். பையன் அதைத் தூக்கவே தடுமாறுவான். உயரத்தை வைத்து அளவு போட்ட ஜூனியர் செட் வாங்குங்கள், நாலைந்து கிளப் இருந்தால் போதும்.

கேள்வி: கையில் பெரிய காசு இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எது? (சென்னையிலிருந்து இன்னொரு வாசகர்)

பதில்: கிரிப். கை வைக்கும் ஒரே இடம் அது, பலர் அதை வழுக்கிப்போகும் வரைக்கும் மாற்றுவதே இல்லை. இடதுகையால் பிடிக்கும்போது நடுவிரல்கள் உள்ளங்கையை லேசாகத் தொட்டால் அளவு சரி, உள்ளே குத்தினால் மெலிசு, எட்டவே இல்லை என்றால் தடிப்பு. சென்னை வியர்வைக்கு நூல் கலந்த கார்ட் கிரிப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உள்ளங்கை கொஞ்சம் சொரசொரப்பாகும், அதற்குத் தயாராக இருங்கள்.