செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸ் வாங்குங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரையில் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர்.

ஹாலுக்கு எடுத்திருக்கும் பளபளப்பான இரண்டுக்கு நாலு அடி டைல்ஸையே பாத்ரூம் தரைக்கும் போட்டுவிடலாம், பார்க்க எடுப்பாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். வீட்டில் எழுபது வயது மாமியார் இருக்கிறார். போடலாமா?
– வாசகி, தேனி

வேண்டாம்மா. ஹாலுக்கு வேண்டுமானால் போடுங்கள், பாத்ரூமில் வேண்டவே வேண்டாம்.

வழுக்குவது ஒன்று. அதை விட்டாலும் வாட்டம் என்று ஒன்று இருக்கிறது. பாத்ரூம் தரை நாலு பக்கமிருந்தும் தண்ணீர் வெளியேறும் ஜாலியை நோக்கி இறங்க வேண்டும். நாலடி நீளக் கல்லை நாலு பக்கமும் சரிக்க முடியாது. துண்டு போட்டால்தான் வாட்டம் வரும். துண்டு போட்டால் நீங்கள் கேட்ட எடுப்பு போய்விடும். துண்டு போடாமல் வைத்தால் ஏதாவது ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். அதனால்தான் ஒன்றுக்கு ஒன்று அடியில், பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் போடச் சொல்கிறோம். சின்னக் கல், நிறைய ஜாயின்ட். காலுக்கும் பிடிமானம்.

பெட்டியிலோ கேட்டலாகிலோ ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வில் கால் வழுக்குகிறது என்று பார்த்துக் கொடுக்கிற அளவு அது. ஆர்9 காய்ந்த அறைக்குத்தான். பாத்ரூமுக்கு ஆர்10, பெரியவர்கள் இருந்தால் ஆர்11. அதற்கு மேல் சொரசொரப்பாகப் போனால் அழுக்கு உள்ளே ஏறிக்கொள்ளும், தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

நம்பர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடையில் ஒரு கல்லைக் கீழே வைக்கச் சொல்லி, ஒரு மக் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்பும் தடவி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நில்லுங்கள். பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

போர் தண்ணீர் வீடாக இருந்தால் கறுப்பு நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். அதை எடுக்க ஆசிட் ஊற்றுவீர்கள், ஆசிட் முதலில் ஜாயின்டில் இருக்கும் சிமென்டைத்தான் தின்னும்.

ஹாலில் டபுள் சார்ஜ் என்கிற வகை டைல்ஸ் நல்லது. நிறம் மேல்பக்கம் மூன்று நாலு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும். வாசல் மண் உள்ளே வருகிற வீட்டுக்கு இதுதான் தாங்கும். கிளேஸ்டு விட்ரிஃபைடு என்று இன்னொரு வகை, கண்ணாடி மாதிரிப் பூச்சு பூசியது; அதில் டிசைன் மேலே பிரின்ட்தான். நாற்காலியை இழுத்து இழுத்துக் கீறல் விழுந்தால் அடியில் வேறு நிறம் தெரியும். மார்பிள் டிசைன்தான் வேண்டும் என்றால் அதையே எடுங்கள், பளபளப்பில்லாத சாட்டின் ஃபினிஷாக இருக்கட்டும். மாமியார் ஹாலிலும் நடப்பார் அல்லவா?

தரைக்கு வாங்கிய விட்ரிஃபைடு டைல்ஸ் மிச்சம் இருக்கிறது. பாத்ரூம் சுவரில் ஒட்டலாமா? சிமென்ட் பாலே போதும் என்கிறார் மேஸ்திரி.
– வாசகர், கோவை

தரை டைல்ஸ் சுவருக்கு ஏறலாம், சுவர் டைல்ஸ்தான் தரைக்கு இறங்கக் கூடாது. ஆனால் மேஸ்திரி சொல்வது சரியில்லை.

சுவர் டைல்ஸ் ஒன்று, உங்கள் விட்ரிஃபைடு ஒன்று, இரண்டையும் திருப்பிப் போட்டு முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுவர் டைல்ஸ் அதை உடனே குடித்துவிடும். தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்கும் கல் அது. தொட்டியில் ஊறப் போட்டு ஒட்டுவது அதனால்தான். விட்ரிஃபைடில் சொட்டு அப்படியே முத்தாக நிற்கும். அது அரை சதவீதம்கூட இழுக்காது. இழுக்காத கல்லில் வெறும் சிமென்ட் எதைப் பிடித்துக்கொள்ளும்? முதலில் ஒட்டின மாதிரி இருக்கும், பிறகு ஒரு நாள் கழன்று வரும்.

டைல் ஒட்டுவதற்கென்றே வரும் பசை, டைல் அடெசிவ் வாங்குங்கள். பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்க இழுத்து, முதுகு முழுவதும் படும்படி ஒட்டச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது, கூடவே கூடாது. காய்ந்த பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். எங்கே பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கிறதோ அந்தக் கல்லைக் கழற்றித் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். கூலி பாக்கி இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்!

சென்னையில் ஃபிளாட். சமையலறைக்கும் ஹாலுக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசை.
– வாசகி, குரோம்பேட்டை

ஹாலுக்குத் தாராளமாகப் போடுங்கள். சமையலறையை விட்டுவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் ஊற்றி, கையால் செய்து தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சிமென்டுக்குப் புளியும் எலுமிச்சையும் ஆகாது, மஞ்சள் கறை போகாது. வீடு கிளீன் பண்ண வருகிறவர்களிடம் ஆசிட் பக்கமே போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள். துடைக்கிற தண்ணீரில் எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும், நடக்க நடக்க மினுக்கு ஏறும்.

ஒன்று கவனியுங்கள்: இது சாதாரண டைல்ஸை விடத் தடிமன். அடியில் கலவையும் வேண்டும். பழைய தரை மேலேயே போட்டால் கதவு திறக்காது.

ஆயிரம் சதுர அடிக்கு எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?
– வாசகர், விருதுநகர்

இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்றால் பெட்டிக்கு நாலு கல், 16 சதுர அடி என்று கணக்குப் போடுவார்கள். 600 மில்லிமீட்டர் என்பது இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே 15.5 சதுர அடிதான் வரும். 65 பெட்டி ஆகிறது. வெட்டுக்கும் உடைசலுக்கும் இன்னும் நாலைந்து சேருங்கள், மூலைக்கு மூலை சாய்த்துப் போடுவதானால் ஆறேழு. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். மிஞ்சுகிற பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் வையுங்கள். பின்னால் ஒரு கல் உடைந்தால் அதே ஷேடு கடையில் கிடைப்பது கஷ்டம்.