டோரிக்கு மறதி, நமக்கு லாபம்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 34. குத்துவிளக்கு வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்கள் கேட்பது பாதி புரியும். பதில் சொல்ல வாய் வராது. 'அனிமேஷன் சாகசப் படங்களைப் பாருங்கள், இங்கிலீஷ் தானா வரும்' என்றார்கள். மகளோடு உட்கார்ந்து இருபது படமாவது பார்த்திருப்பேன், கீழே தமிழ் எழுத்து ஓட. கதை நன்றாகப் புரிகிறது. வார்த்தை ஒன்றும் ஒட்டவில்லை. எங்கே தப்பு?

பதில்: தானாக வராது. அப்படிச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். கண் தமிழைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் காது தூங்கிவிட்டது, அவ்வளவுதான். முதலில் கீழே ஓடும் எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே கதை தெரிந்த படமாக எடுத்தால் புரியாமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்காது.

இருபது படம் வேண்டாம், ஒன்று போதும். அதிலும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். நான் மாணவர்களுக்குச் சொல்வது 2003இல் பிக்ஸார் எடுத்த 'ஃபைண்டிங் நீமோ'. மகன் மீனைத் தேடி அப்பா மீன் சிட்னி வரை நீந்திப் போகும் கதை. இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் உண்டு: டோரி. அந்த நீல மீனுக்கு எதுவும் நினைவில் நிற்காது. படகு போன வழியைக் காட்டுகிறேன் என்று முன்னால் போவாள்; கொஞ்ச தூரத்தில் மறந்துவிட்டு, ஏன் என் பின்னால் வருகிறாய் என்று சண்டைக்கு நிற்பாள்; விளக்கம் சொன்னால் மறுபடி முதலிலிருந்து வழிகாட்டுவாள். 'திஸ் வே', 'ஃபாலோ மீ' எல்லாம் திரும்பத் திரும்பக் காதில் விழும். எந்த வாத்தியாரும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தரமாட்டார். அந்தக் காட்சியை மூன்று தரம் பாருங்கள். மூன்றாம் தரம் எழுத்தை அணைத்துவிட்டு, டோரியோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள். மறுநாள் கடையில் விளக்கு இருக்கும் பக்கம் ஒருவரை அழைத்துப் போக 'திஸ் வே, ப்ளீஸ்' வந்துவிடும்.

சாகசப் படத்தில் சொல்லும் செயலும் சேர்ந்தே வரும். 'ஹோல்ட் ஆன்' என்று ஒருவர் கத்தினால் இன்னொருவர் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். அகராதியைத் தேடவேண்டியதில்லை. இந்தப் படங்களில் பெரும்பாலும் குரலை முதலில் ஸ்டூடியோவில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்பத்தான் வாயசைவை வரைகிறார்கள். பேச்சு தெளிவாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

எந்த வார்த்தையை எழுதிவைப்பது? பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சுறா, நங்கூரம், பவளப்பாறை என்று பெயர்களாகக் குறித்துவைப்பார்கள். கும்பகோணத்தில் நங்கூரத்துக்கு என்ன வேலை? நீங்கள் பிடிக்கவேண்டியவை கெட், டேக், கிவ், புட், ஹோல்ட், லெட் மாதிரிச் சின்ன வினைகள். நம் 'போடு'வை நினைத்துப் பாருங்கள். சட்டை போடு, சண்டை போடு, காபி போடு, கணக்குப் போடு என்று ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது! 'டேக்' அப்படித்தான். 'டேக் இட்' என்றால் எடுத்துக்கொள், 'டேக் யுவர் டைம்' என்றால் அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள். அதனால் ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள், முழுத் தொடராக எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தொடர் போதும்.

'கோயிங் டு' என்பது 'கொன்னா' என்று கேட்கும். மிரளாதீர்கள். 'போகிறேன்' என்று எழுதிவிட்டு 'போறேன்' என்று பேசுகிறவர்கள்தானே நாம்?

எவ்வளவு சொல் தேவைப்படும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 318 ஆங்கிலப் படங்களின் வசனத்தை அலசி 2009இல் வெளியிட்டார்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர்களோடு சுமார் 3,000 சொற்குடும்பங்கள் தெரிந்தால் வசனத்தில் 95 சதவீதச் சொற்கள் தெரிந்தவையாக இருக்குமாம். ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். பள்ளியில் படித்ததில் கணிசமான பகுதி உங்களிடம் ஏற்கெனவே கிடக்கிறது, தூசிதான் தட்டவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சாகசப் படத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டே கத்துவார்கள். பாதி வசனம் கட்டளை. 'வெயிட்', 'மூவ்', 'லுக்' என்பதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொன்னால் 'நில்லு', 'நகரு' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நமக்கு 'ங்க' செய்யும் வேலையை அங்கே 'குட் யூ', 'வுட் யூ லைக்' செய்கின்றன. படத்தில் கேட்ட 'வெயிட்'டை 'குட் யூ வெயிட் எ மினிட், ப்ளீஸ்?' என்று மாற்றி எழுதிப் பழகுங்கள். என்னைக் கேட்டால் படம் பார்ப்பதைவிட இந்த மாற்றி எழுதும் வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும்.

ராத்திரி மகளை வெளிநாட்டுக்காரராக நிற்கவைத்து ஒரு விளக்கை விற்றுப் பாருங்கள். எடை, விலை, பார்சல் என்று அவள் கேட்கும்போது படம் கைகொடுக்காது. கடல் மீன்கள் பேரம் பேசுவதில்லை. அந்தச் சொற்களைக் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்தே பிடித்து, பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.