ஹாலில் இருந்து வரும் இரண்டு கேள்விக்குறி

எனக்கு 58 வயது, வீட்டுக்காரருக்கு 63. கொரோனா ஊரடங்கில் எனக்குப் பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்தார். அப்போதிருந்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆன்லைனில் ஜோடியாக ஆடுகிறோம், ஒருவர் சீட்டு மற்றவர் கண்ணில் படக்கூடாது என்று அவர் ஹாலில், நான் படுக்கையறையில். நான் தப்பாக ஒரு சீட்டைப் போட்டால் சாட்டில் '??' என்று வந்து விழும், எதிராளி இரண்டு பேரும் பார்ப்பார்கள். ஹாலில் இருந்து பெருமூச்சும் கேட்கும். இதே மனிதர் முகம் தெரியாத ஒருவரோடு ஆடினால் 'வெல் டன் பார்ட்னர்' என்ன, 'பரவாயில்லை' என்ன!

போன வியாழன் நான் ஹார்ட்ஸ் ஏஸ் இறக்கினேன், அவர் ஒன்பது போட்டார். அதையே திரும்ப ஆடு என்று அர்த்தமாம். நான் கவனிக்காமல் டைமண்டுக்குப் போக, எதிராளிகள் தாங்கள் ஏலம் கேட்ட மூன்று நோ டிரம்பை (துருப்புச் சீட்டு இல்லாத ஆட்டம்) எடுத்துவிட்டார்கள். 'கண் தெரியலையா?' என்று டைப் செய்தார். பன்னிரண்டில் ஏழாவது ஆட்டம் அது. டேபை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். மூன்று நாளாகப் பேச்சில்லை. ஒரு சீட்டாட்டத்துக்கா இப்படி என்று வெட்கமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம், கோவை

சகோதரி, வெட்கப்பட ஒன்றுமில்லை. 1929-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு கணவர் பிரிட்ஜ் ஆட்டத்தில் நாலு ஸ்பேட்ஸ் ஏலம் கேட்டுத் தோற்றார், மனைவி திட்ட, அவர் அறைய, அந்த அம்மா சுட்டே விட்டார். நீங்கள் டேபைத்தான் மூடினீர்கள்.

முன்பின் தெரியாதவர் தப்பு செய்தால் உங்கள் கணவருக்கு அது யாரோ செய்த தப்பு. நீங்கள் செய்தால் தானே செய்த மாதிரி சுடுகிறது, அதிலும் கற்றுக்கொடுத்தவர் அவர். அதற்காக நீங்கள் பொறுத்துப்போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பிரிட்ஜ் சட்டத்தில் 74-வது விதி, மற்ற ஆட்டக்காரரைச் சங்கடப்படுத்தும் பேச்சும் செயலும் கூடாது என்கிறது, பார்ட்னர் என்றால் பரவாயில்லை என்று அதில் எங்கும் இல்லை. அந்தப் பெருமூச்சும் சும்மா இல்லை: பார்ட்னரோடு ஏலத்தாலும் சீட்டாலும் மட்டும்தான் பேசலாம், ஆட்டத்தின் நடுவே பெருமூச்சு விட்டுத் தகவல் சொல்வது விதிமீறல். விதி பேசுகிறவராக இருந்தால் இதையே எடுத்துக் காட்டுங்கள்!

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. பாதியில் எழுந்து போனதில் அவரைவிட அந்த எதிராளி இரண்டு பேர்தான் அந்தரத்தில் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு வரி மன்னிப்பு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் அவரிடம், ஆடும் நேரத்தில் இல்லாமல் காலைக் காபியின்போது பேசுங்கள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த வியாழக்கிழமையை மட்டும் சொல்லுங்கள், நாலு பேர் பார்க்க 'கண் தெரியலையா' என்று படித்தபோது எப்படி இருந்தது என்று. ஆட்டம் முடியும்வரை சாட்டில் எதுவும் எழுதக் கூடாது, முடிந்ததும் ஒரே ஒரு கையை (ஒரு தடவை சீட்டுப் பிரித்து ஆடியதை) மட்டும் பேசலாம், எந்தக் கை என்பதை நீங்கள்தான் சொல்வீர்கள் என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒரு மாதம் வேறு பார்ட்னரோடு ஆடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடுங்கள். உங்களுக்கும் யாராவது 'வெல் டன் பார்ட்னர்' போடட்டுமே.